தேதி குறிக்காதீர்கள்: பாலைவனப் பூக்களைப் பார்க்கப் போகிறவருக்கு ஒரு பதில்

தண்டையார்பேட்டையில் என்னிடம் பிளஸ் டூ தாவரவியல் படித்த மாணவி ஒருத்தி இப்போது கலிபோர்னியாவில் இர்வைன் நகரில் இருக்கிறாள். அவளுடைய அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவரும் மனைவியும் பிப்ரவரி கடைசியில் போய் ஏப்ரல் நடுவில் திரும்புகிறார்கள். பாலைவனமே பூத்துக் கிடக்கும் படங்களை மகள் அனுப்பியிருக்கிறாள். மார்ச் இரண்டாவது சனி, ஞாயிறுக்கு ஓட்டல் அறையும் போடப்போகிறாளாம். "டீச்சர், அந்தத் தேதி சரிதானா? போனால் படத்தில் இருப்பதுபோல் இருக்குமா? அறுபத்தைந்தைத் தாண்டிய நாங்கள் காரில் அவ்வளவு தூரம் போய்வர முடியுமா?" என்று கேட்கிறார். அவர் மனைவி பக்கத்திலிருந்து, "பூ பார்க்க அமெரிக்காவுக்கா போகவேண்டும்?" என்று நான்காவதாக ஒன்றைச் சேர்த்துக்கொண்டார். நான்காவது கேள்விதான் எனக்கு மிகவும் பிடித்தது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில், அறை போடுவதை நிறுத்தச் சொல்லுங்கள்.

நான் பட்டுத் தெரிந்துகொண்டது இது. என் மகன் சான் டியாகோவில் இருந்தபோது 2014 மார்ச்சில் போனேன். நானும் உங்கள் மகளைப் போலத்தான், ஆறு மாதம் முன்பே தேதி குறித்து, அவனை லீவு போடவைத்து, ஆன்சா பொரேகோ பாலைவனப் பூங்காவுக்குக் கிளம்பினேன். அந்த மாநிலத்துக்கு அது கடும் வறட்சிக் காலம். போய் இறங்கினால் காசிமேட்டில் வலை உலர்த்தும் மணல்போல ஒரு வெளி, நடுநடுவே சாம்பல் நிறப் புதர்கள். மூன்று மணி நேரம் நடந்து குனிந்து தேடியதில் பூத்த சிறு செடிகள் பதினொன்று கிடைத்தன. விரற்கடை உயரம், ஆளுக்கு ஒரு பூ. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது; தண்ணீர் போதாதபோது செடி தன் உடம்பைச் சுருக்கிக்கொண்டு ஒரே ஒரு பூவையாவது பூத்து, விதையைப் போட்டுவிட்டுப் போவதைக் கண்ணால் பார்த்தேன். மகன்தான், "அம்மா, இதற்கா நாலு நாள் லீவு?" என்று கேட்டுவிட்டான்.

2017 மார்ச்சில் அதே இடத்துக்கு மறுபடியும் போனேன். மலை இறங்கும்போதே கீழே தரை நிறம் மாறியிருந்தது. ஊதாவில் ஒரு பட்டை, மஞ்சளில் ஒரு பட்டை, இடையில் வெள்ளைப் புள்ளிகள். கிட்டே போனால் கால் வைக்க இடமில்லை. மூன்று வருடம் முன்பு நான் நடந்த அதே மணல்தான். விதைகள் அப்போதும் என் காலடியில்தான் இருந்திருக்கின்றன.

இதை நீலக்குறிஞ்சியோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ளாதீர்கள். குறிஞ்சிக்கு உள்ளே ஒரு கடிகாரம் இருக்கிறது. 2006, 2018, அடுத்து 2030 என்று பன்னிரண்டு ஆண்டு எண்ணிப் பூக்கும். பாலைவனச் செடிக்கு அப்படிக் கணக்கு எதுவும் இல்லை. அதற்கு மழை மட்டும்தான் பஞ்சாங்கம். அதிலும் எவ்வளவு பெய்தது என்பதைவிட எப்போது, எப்படிப் பெய்தது என்பதுதான் முக்கியம்.

அங்கே பூக்கும் சிறு செடிகளில் பெரும்பாலானவை ஒருபருவச் செடிகள். முளைத்து, பூத்து, விதைத்து, சில மாதங்களில் முடிந்துவிடும். மிச்சக் காலமெல்லாம் விதையாக மணலுக்குள் கிடக்கும்; சில விதைகள் பத்து இருபது ஆண்டுகூடக் கிடக்கும். பல விதைகளின் மேல்தோலில் முளைப்பைத் தடுக்கும் பொருள்கள் இருக்கின்றன. லேசான தூறல் அதைக் கரைக்காது. ஒரே மூச்சில் சுமார் ஓர் அங்குலம், அதாவது இரண்டரை சென்டிமீட்டர் மழை நின்று பெய்தால்தான் அந்தப் பொருள் கழுவிக்கொண்டு போகும், விதை விழிக்கும். ஃப்ரிட்ஸ் வென்ட் என்ற தாவரவியலாளர் 1940களில் இந்தப் பாலைவனங்களின் விதைகளை ஆராய்ந்தார். மணலில் கலந்த விதைக்கு அடியிலிருந்து தண்ணீரை ஊறவிட்டால் அது அசையவில்லை. மேலிருந்து மழைபோலப் பொழிந்தால் முளைத்தது. ஈரம் இருக்கிறதா என்று விதை பார்ப்பதில்லை, மழை பெய்ததா என்று பார்க்கிறது. வகுப்பில் இதைச் சொன்னால் கடைசி பெஞ்சுப் பையன்கள்கூட நிமிர்ந்து உட்கார்வார்கள்.

ஆக, அக்டோபர், நவம்பர் வாக்கில் அந்த முதல் பெருமழை வேண்டும். அதன்பின் குளிர்காலம் முழுவதும் இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை சிறிதாவது பெய்து, முளைத்த கன்றைக் காப்பாற்ற வேண்டும். பிப்ரவரியில் திடீரென்று வெயில் ஏறக்கூடாது. வறண்ட காற்று வீசக்கூடாது. புழு அளவுக்கு மீறி வந்து மேயக்கூடாது. இத்தனையும் கூடிவரும் ஆண்டுகளைத்தான் 'சூப்பர் ப்ளூம்' என்று செய்தித்தாள்கள் கொண்டாடுகின்றன. வடக்கே டெத் வேலி என்ற பாலைவனப் பள்ளத்தாக்கில் 1998, 2005, 2016 ஆகிய ஆண்டுகளைச் சொல்வார்கள். தெற்கே ஆன்சா பொரேகோவில் 2017இலும் 2019இலும் நன்றாகப் பூத்தது.

இன்னொரு சூட்சுமம். நல்ல மழை பெய்தாலும் எல்லா விதையும் ஒரே ஆண்டில் முளைத்துவிடாது. ஒரு பங்கு முளைக்கும், மிச்சம் மண்ணுக்குள்ளேயே இருக்கும். சீட்டுப் பணம் கைக்கு வந்ததும் முழுவதையும் ஒரே நாளில் செலவழிக்காத வீட்டுக்காரி மாதிரி. நடுவில் மழை பொய்த்து முளைத்ததெல்லாம் கருகிப்போனாலும் வம்சம் அழியாது.

பசிபிக் கடல்நீர் வழக்கத்தைவிடச் சூடாகும் எல் நினோ வந்தால் பூ நிச்சயம் என்று சிலர் உங்களிடம் சொல்வார்கள். நம்பாதீர்கள். 2015-16 குளிர்காலம் மிக வலுவான எல் நினோ. அதே பருவத்தில்தான் டிசம்பரில் நம் ஊர் மூழ்கியது. வியாசர்பாடியில் மாடிப்படி வரை தண்ணீர் நின்றதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். டெத் வேலியில் அந்த அக்டோபரில் கொட்டிய மழையால் 2016இல் பூத்தது. ஆனால் எல்லோரும் எதிர்பார்த்த பெருமழை தெற்குக் கலிபோர்னியாவுக்கு அந்தக் குளிர்காலத்தில் வரவில்லை. மாறாக, எல் நினோ இல்லாத அடுத்த குளிர்காலத்தில்தான் மழை கொட்டி, நான் பார்த்த 2017 வந்தது.

மழை என்றால் நம் கணக்கில் யோசிக்கக்கூடாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சென்னையில் ஆண்டுக்கு 140 சென்டிமீட்டர் போலப் பெய்கிறது. ஆன்சா பொரேகோவில் சுமார் 15. டெத் வேலியில் 5. அவர்கள் மூன்று நான்கு ஆண்டுகளில் காண்பதை நாம் ஒரே புயலில் கண்டுவிடுவோம்.

எனவே உங்கள் மகள் செய்யவேண்டியது இதுதான். ஜனவரி முடியும்போது, ஆன்சா பொரேகோ பூங்கா சூழ்ந்த பொரேகோ ஸ்பிரிங்ஸ் என்ற ஊரில் அக்டோபரிலிருந்து எவ்வளவு மழை பெய்தது என்று பார்க்கட்டும். முதல் மழை கனமாகப் பெய்து, பிறகும் விட்டு விட்டுப் பெய்திருந்தால் நம்பிக்கை வைக்கலாம். தியோடர் பெய்ன் அறக்கட்டளை என்று ஒன்று லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருக்கிறது. மார்ச் முதல் மே வரை வாராவாரம் எந்த இடத்தில் என்ன பூத்திருக்கிறது என்று தொலைபேசியில் பதிவு செய்த குரலில் சொல்வார்கள். 1983இலிருந்து இது நடக்கிறது. நம் வானிலை அறிக்கைபோலப் பூவுக்கு ஓர் அறிக்கை. அதைக் கேட்டபின் மூன்று நாள் முன்னதாக அறை போட்டால் போதும். உங்களுக்கு ஏழு வாரம் கையில் இருக்கிறது. வேலைக்குப் போகிறவர்களுக்குக் கிடைக்காத வசதி. அதை ஒரு சனி, ஞாயிறில் அடைக்கலாமா?

சனி, ஞாயிறு என்றதும் நினைவுக்கு வருகிறது. 2017இல் நாங்கள் முதலில் போனது ஒரு ஞாயிற்றுக்கிழமை. மூவாயிரத்துச் சொச்சம் பேர் வசிக்கும் அந்தச் சின்ன ஊருக்குள் கார் வரிசை மைல் கணக்கில் நின்றது. மதியத்துக்குள் ஓட்டல்களில் சாப்பாடு தீர்ந்துவிட்டது. கழிப்பறை வாசலில் பொங்கலுக்கு முந்தைய நாள் கோயம்பேடுபோல வரிசை. புளியோதரை கட்டிக்கொண்டு போனதால் நாங்கள் பிழைத்தோம். இரண்டாம் முறை செவ்வாய்க்கிழமை போனோம். சாலையில் நாங்களும் பூக்களும்தான். லேக் எல்சினோர் அருகே வாக்கர் கேன்யன் என்ற மலைச்சரிவில் 2019இல் இதைவிடக் கூட்டம். பூவை மிதித்தும் படுத்தும் படம் எடுத்துக்கொண்டார்கள், சாலையே அடைபட்டது. 2023இல் மறுபடி பூத்தபோது ஊர் நிர்வாகம் ஆரம்பத்திலேயே அங்கே போகத் தடை போட்டுவிட்டது.

இனி வழி. பூ கீழிருந்து மேலே ஏறும். தாழ்ந்த பாலைவனத்தில் பிப்ரவரி இறுதியில் தொடங்கி மார்ச் நடுவில் உச்சம். உயரமான பாலைவனத்தில் மார்ச் நடுவிலிருந்து ஏப்ரல் நடு வரை. ஒரு வாரம் தவறினால் எல்லாம் போயிற்று என்று நினைக்கவேண்டாம். கீழே காய்ந்திருந்தால் மேலே ஏறுங்கள்.

இர்வைனிலிருந்து டெமெக்குலா வழியாக மலை ஏறி, ரஞ்சிட்டா தாண்டி எஸ்-22 சாலையில் பொரேகோ ஸ்பிரிங்ஸுக்கு இறங்குவது நல்லது. நிறுத்தாமல் போனால் இரண்டரை, மூன்று மணி நேரம். கடைசிப் பத்துப் பன்னிரண்டு மைலில் மூவாயிரம் அடிக்கு மேல் இறக்கம், வளைவுக்கு மேல் வளைவு. தலைசுற்றல் உள்ளவர் முன்சீட்டில் உட்காரட்டும். எலுமிச்சம்பழம் ஒன்று கையில் இருக்கட்டும். ஆனால் இந்த இறக்கத்தைத் தவறவிடாதீர்கள். ஊட்டி மலையில் ஏற ஏறப் பச்சை கூடும். இங்கே இறங்க இறங்கப் பச்சை கழன்றுகொண்டே போகும். அடிவாரத்தில் அடிவானம் வரை மண் நிறம். நல்ல ஆண்டாக இருந்தால் அந்த மண்ணில்தான் ஊதாப் பட்டை.

அங்கே இரண்டு இரவு தங்குங்கள். ஒரே நாளில் போய்த் திரும்பினால் பாதிப் பூவைப் பார்க்கமாட்டீர்கள். காரணம், ஒவ்வொரு பூவுக்கும் ஒரு நேரம். மணல்மேட்டில் வெள்ளையாகப் பெரிதாகப் பூக்கும் ஈவ்னிங் பிரிம்ரோஸ் அந்தியில் விரிந்து, மறுநாள் வெயில் ஏறும்போது இளஞ்சிவப்பாகி வாடிவிடும். அதைப் பார்க்க விடிவதற்குள் எழ வேண்டும். ஹெண்டர்சன் கேன்யன் சாலையோரம் மஞ்சள் பாலைச் சூரியகாந்தியைக் காலை வெயிலில் பாருங்கள். சிவப்புத் தீக்கொழுந்துபோல நுனியில் பூ ஏந்தி நிற்கும் ஓக்கொட்டியோ என்ற முள் குச்சிச் செடியைப் பார்க்க மாலை நல்லது. இரவில் வெளியே வந்து வானத்தைப் பாருங்கள். தெருவிளக்கு வெளிச்சத்தைக் குறைத்து, இருண்ட வானத்தைக் காப்பாற்றும் ஊர் என்று பொரேகோ ஸ்பிரிங்ஸுக்கு 2009இலேயே சர்வதேச அங்கீகாரம் கிடைத்திருக்கிறது. மணலியின் ஆலைத் தீயையே இரவு வானம் என்று நினைத்து வளர்ந்த நமக்கு அது ஒரு அதிர்ச்சி.

ஊரைச் சுற்றி வெட்டவெளியில் இரும்பால் செய்த யானை, ஒட்டகம், சாலையைக் கடந்து போகும் பெரிய நாகம் எல்லாம் நிற்கும். ரிகார்டோ பிரசேடா என்பவர் செய்தவை. பேரப் பிள்ளைகள் கூட வந்தால் பூவைவிட இதைத்தான் கேட்பார்கள்; விடுங்கள்.

மூன்றாம் நாள் கிழக்கே போனால் சால்ட்டன் ஏரி. 1905இல் கொலராடோ ஆற்று நீர் பாசனக் கால்வாயை உடைத்துக்கொண்டு சுமார் இரண்டு ஆண்டு பாய்ந்து உண்டான ஏரி. கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிறது. கார்க் கண்ணாடியை இறக்கினால் காசிமேடு நினைவுக்கு வரும், அவ்வளவுதான் சொல்வேன். அதைத் தாண்டி ஜோஷுவா ட்ரீ தேசியப் பூங்காவின் தெற்கு வாசல். மழை பெய்த ஆண்டில் அங்கே சாலையோரம் நீல லூப்பின் வரிசை கட்டும். உள்ளே ஏற ஏற தாழ்ந்த பாலைவனம் முடிந்து உயரமான மொஹாவே பாலைவனம் தொடங்கும். ஒரே சாலையில் இரண்டு பாலை. அங்கிருந்து லான்காஸ்டர் அருகே பாப்பி காப்பகம் மூன்று மணி நேரத் தூரம். ஆரஞ்சு நிறக் கலிபோர்னியா பாப்பி 1903இலிருந்து அந்த மாநிலத்தின் மலர். இது சோம்பேறிப் பூ. குளிர்ந்தாலும் மேகம் மூடினாலும் காற்று அடித்தாலும் இதழைச் சுருட்டிக்கொள்ளும். காலை ஏழு மணிக்குப் போய் நின்று, "ஒன்றுமில்லையே" என்று திரும்புகிறவர்கள் உண்டு. பதினோரு மணிக்கு மேல் போங்கள். மார்ச் நடுவில் தொடங்கும் என்பதால் இதை ஏப்ரலுக்குத் தனிப் பயணமாக வைத்தாலும் சரி. உங்கள் வயதுக்கு அப்படிச் செய்வதே நல்லது என்பேன்.

டெத் வேலி? அது இர்வைனிலிருந்து சுமார் ஐந்து மணி நேரம். அந்த ஆண்டு அங்கே பூத்திருக்கிறது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும் போங்கள்.

வயதைப் பற்றிக் கேட்டீர்கள். பெரும்பாலான பூவைச் சாலையிலிருந்து ஐம்பதடிக்குள் பார்த்துவிடலாம். திருவொற்றியூர் தேரடியில் நடக்க முடிகிறவர் இங்கேயும் நடக்கலாம். உண்மையான தொல்லை தண்ணீரும் மணலும்தான். ஆளுக்கு நாளொன்றுக்கு நான்கு லிட்டர் வண்டியில் இருக்கட்டும். தாகமே எடுக்காது, வியர்வை தெரிவதற்குள் காய்ந்துவிடும், அதுதான் ஆபத்து. நம் ஊர்ப் புழுக்கம் குறைந்தபட்சம் சட்டையை நனைத்து எச்சரிக்கை செய்யும். கைபேசிக்குப் பல இடங்களில் சிக்னல் கிடையாது. வரைபடத்தை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பெட்ரோலை ஊரைவிட்டுக் கிளம்பும்போதே நிரப்புங்கள். தார்ச்சாலையைவிட்டு வண்டியை மணலில் இறக்காதீர்கள். படம் எடுக்க ஒதுங்குகிறேன் என்று என் மகன் இறக்கினான். பின்சக்கரம் அச்சு வரை புதைந்தது. முறுக்க முறுக்க இன்னும் போயிற்று. அந்த வழியாக வந்த மெக்சிகோக் குடும்பம் ஒன்று எங்கள் வண்டியின் கால்மிதிகளையே சக்கரத்தின் முன்னால் திணித்து, ஐந்து நிமிடத்தில் வெளியே தள்ளியது. அவர்களுக்கும் புளியோதரை கொடுத்தோம். காரம் என்று சொல்லவில்லை. தண்ணீர் மட்டும் நிறையக் குடித்தார்கள்.

'ச்சோயா' என்று ஒரு கள்ளி உண்டு. தொட்டமாதிரியே இருக்காது, ஒரு துண்டு காலில் ஒட்டிக்கொண்டிருக்கும். கையால் பிடுங்காதீர்கள், கையில் ஒட்டும். பல் அகலமான சீப்பு ஒன்றை வைத்துக்கொண்டு அதனால் தள்ளிவிடுங்கள். பூவைப் பறிப்பது சட்டப்படி குற்றம். தலையில் வைத்துக்கொள்ளும் ஆசையை உங்கள் மனைவி சென்னையிலேயே விட்டுவிட்டு வரட்டும்.

இப்போது அவர் கேட்ட கேள்விக்கு வருகிறேன். பூ பார்க்க அமெரிக்காவுக்குப் போகவேண்டுமா? வேண்டியதில்லை. ஆனால் போகிறீர்கள் என்றால், போவதற்கு முன் இங்கே ஒருமுறை பார்த்துவிட்டுப் போங்கள். அப்போதுதான் அங்கே பார்ப்பது புரியும். படத்துக்கு ஆசைப்பட்டுப் போகிறவர்கள் அரைமணியில் சலித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். எனக்கு அங்கே இரண்டு நாளும் சலிக்காததற்குக் காரணம், எந்தப் பூவைப் பார்த்தாலும் அதன் உறவுக்காரரை நம் தெருவில் பார்த்திருந்ததுதான்.

அந்த ஊதாப் பட்டை சொன்னேனே, மணல் வெர்பீனா. பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். அது அந்திமந்தாரையின் குடும்பம். நம் காலி மனைகளில் தரையோடு படரும் மூக்கிரட்டையும் அதே குடும்பம். மதில்மேல் தொங்கும் காகிதப்பூவும்தான். மூக்கிரட்டையைப் பூதக்கண்ணாடியில் பாருங்கள். குண்டூசித் தலை அளவுள்ள அந்தப் பூ அதே ஊதாதான். கொருக்குப்பேட்டை ரயில் பாதையோரம் வெளிறிய முள் இலையும் மஞ்சள் பூவுமாக நிற்கிறதே பிரம்மதண்டு, அது கலிபோர்னியா பாப்பியின் குடும்பம். மெக்சிகோவிலிருந்து வந்து இங்கே தங்கிவிட்டது. நெருஞ்சிக்கு அங்கே ஒரு பெரிய உறவு: க்ரியோசோட் என்ற புதர். அந்தப் பாலைவனம் முழுக்க இருப்பது அதுதான். மழை பெய்தால் அங்கே எழும் வாசம் மண்வாசம் அல்ல, இந்தப் புதரின் வாசம். மொஹாவேயில் வளையமாகப் படர்ந்த ஒரு க்ரியோசோட் கூட்டத்துக்கு வயது சுமார் 11,700 ஆண்டு என்று கணித்திருக்கிறார்கள். ஐந்து இதழ் மஞ்சள் பூவைப் பார்த்தவுடன் நெருஞ்சி என்று உங்கள் கால் சொல்லும். ரயில் கற்றாழைக்கும் சப்பாத்திக்கள்ளிக்கும் அமெரிக்கக் கண்டம்தான் தாய்வீடு. அங்கே பீவர்டெயில் என்ற முள் குறைந்த சப்பாத்திக்கள்ளி கண்ணைப் பறிக்கும் இளஞ்சிவப்பில் பூக்கும். நீல லூப்பின் நம் கொளுஞ்சி, அவரையின் குடும்பம். சின்ன நீலப் பூ உருண்டை உருண்டையாக நிற்கும் ச்சியாவின் விதையைத் தண்ணீரில் போட்டால் சப்ஜாவைப் போலவே வழுவழுப்பாகும். இரண்டும் துளசிக் குடும்பம்.

புழுவிலும் உறவு உண்டு. நல்ல பூ ஆண்டில் வால் நுனியில் கொம்பு முளைத்த பெரிய புழுக்கள் அங்கே கூட்டம் கூட்டமாகச் சாலையைக் கடக்கும். நந்தியாவட்டைச் செடியில் இலையை மொட்டையடிக்கும் பச்சைப் புழு இருக்கிறதே, அதன் இனம். அர்ஜென்டினாவிலிருந்து வடக்கே பறந்து போகும் ஸ்வெய்ன்சன் பருந்துகள் வழியில் இறங்கி இவற்றைத் தின்று பசியாறிவிட்டுப் போகும். 2017இல் வயல்வெளியில் கோழிமாதிரி நடந்துகொண்டிருந்த பருந்துகளைப் பார்த்து என் மகன் முதல்முறையாகக் கேமராவை எடுத்தான்.

ஆகவே ஜனவரியில், பொங்கல் முடிந்த ஒரு நாள் பழவேற்காட்டுக்குப் போய்வாருங்கள். மணலி, மீஞ்சூர், பொன்னேரி வழியாகக் காரில் ஒன்றரை, இரண்டு மணி நேரம். எண்ணூரிலேயே பார்க்கலாம் என்று முன்பு சொல்லியிருப்பேன். பிள்ளைகளை நான் கூட்டிப்போய்ச் செடி காட்டிய மணல்மேடுகளில் இப்போது பாதி இல்லை. பழவேற்காட்டில் பாலத்தைத் தாண்டிக் கலங்கரை விளக்கம் பக்கம் கடலை நோக்கி நடங்கள். வடகிழக்குப் பருவமழை முடிந்த கையோடு மணல் உயிரோடு இருக்கும். ஆட்டுக்குளம்பு போன்ற இலையும் ஊதாப் பூவுமாக மணலைக் கட்டிப்போட்டிருப்பது அடும்பு; அடப்பங்கொடி என்றும் சொல்வார்கள். காற்றில் உருண்டோடும் முள்பந்து இராவணன் மீசை. கொஞ்சம் உள்ளே வந்தால் நெருஞ்சி, தும்பை, மூக்கிரட்டை, நீலத்தில் குட்டியாக விஷ்ணுகிராந்தி. மணல் எந்த நாட்டில் இருந்தாலும் செடிக்குச் சொல்வது ஒன்றுதான்: தண்ணீர் நிற்காது, சூடு ஏறும், காற்று மூடும். செடிகளும் ஒரே மாதிரிதான் பதில் சொல்கின்றன. இலையில் ரோமம் வை, தரையோடு படு, வேரை ஆழமாக விடு, விரைவாக விதை போடு. அந்த நான்கையும் பழவேற்காட்டில் தொட்டுப் பார்த்துவிட்டால் பொரேகோவில் நீங்கள் வேற்றாள் இல்லை. அந்தப் பருவத்தில் ஏரியில் பூநாரைகளும் நிற்கும், அது கொசுறு.

திரும்பும்போது விதை எதையும் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். கேட்காமல் விதை கொண்டுவருவது இரண்டு நாட்டிலும் தவறு. தவறு என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த சீமைக் கருவேலம் நம் ஏரிகளை என்ன செய்தது என்று பார்த்திருக்கிறோம். அதன் நெருங்கிய உறவான மெஸ்கீட் மரத்தை ஆன்சா பொரேகோவில் பார்த்தேன். அங்கே பறவைக்கு நிழலும் நெற்றுமாக நல்ல பிள்ளையாக நிற்கிறது. அவர்களுக்கு வந்த வினை வேறு: சஹாராக் கடுகு என்று ஒரு களை பழைய உலகத்திலிருந்து போய்ச் சேர்ந்து, மழை வந்ததும் எல்லோருக்கும் முந்தி முளைத்து, பூச்செடிகளின் தண்ணீரைக் குடித்துவிடுகிறது. தன்னார்வலர்கள் குனிந்து அதைப் பிடுங்கிக்கொண்டிருப்பார்கள். உங்கள் மகளுக்கு அவர்களோடு ஒரு காலை போய்வரச் சொல்லுங்கள். செடியை வேரோடு எடுக்க அவளுக்கு நான் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

ஒரு வேண்டுகோளும் உண்டு. இரண்டு பயணத்திலும் பாலைவன லில்லியை நான் பார்க்கவில்லை. தண்ணீர்விட்டான் கிழங்கின் குடும்பம். கிழங்கு மண்ணில் ஆழத்தில் இருக்கும், மழை போதாத ஆண்டில் வெளியே தலைகாட்டாது. வெள்ளைப் பூவின் முதுகில் பசுங்கோடு ஓடும், தரையில் விரியும் இலையின் ஓரம் அலையலையாக நெளிந்திருக்கும். மகள் கண்ணில் பட்டால் பூவைவிட அந்த இலையைத்தான் கிட்டே போய்ப் படம் எடுத்து எனக்கு அனுப்ப வேண்டும்.